இருநூற்று எண்பத்தாறின் இடப்பக்கம்

நம்பரக்காவிடம் படகுக்கு எண் எழுத வருகிறவர்கள் முதல் தடவை முணுமுணுப்பார்கள், இரண்டாம் தடவை பழகிக்கொள்வார்கள். எழுதி முடித்து பெயின்ட் காய்ந்த பிறகும் அவள் ஆளைச் சும்மா அனுப்ப மாட்டாள். படகின் வலப்பக்கம் நின்று எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். பிறகு சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கமும் படிக்கச் சொல்வாள். "என் படகு நம்பர் எனக்குத் தெரியாதா அக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்" என்பார்கள். "தூக்கத்துல சொல்ல வேணாம். முழிச்சிருக்கும்போது பாத்துச் சொல்லு" என்பாள். பார்க்காமல் ஒப்பித்தால் தெரிந்துவிடும். படிக்கிறவனின் வாயை அவள் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்பாள்.

இந்தப் பிடிவாதம் அவள் கூடப் பிறந்ததில்லை. முன்பெல்லாம் அவளும் எழுதினோமா, கையைத் துடைத்தோமா என்று இருந்தவள்தான்.

துறைமுகச் சாலையில், டயர் கடைக்கும் ஐஸ் உடைக்கும் கொட்டகைக்கும் நடுவில் அவள் வீடு. முன்னறை கடை, பின்னறை வீடு. நடுவில் ஒரு துணித்திரை தொங்கும். அந்தத் திரையில் கை துடைத்துத் துடைத்து அது என்ன நிறத்தில் வாங்கியது என்பதே மறந்து போயிருந்தது. லாரிக்கு எண் பலகை, டேங்கருக்குத் தீப்பிழம்பு போட்ட முக்கோணம், வேனுக்கு 'இத்தனை பேர் மட்டும்', சிலிண்டருக்குச் சோதனை போட்ட மாதமும் வருடமும் என்று எது வந்தாலும் எழுதுவாள். ஒரு பொருள் வெளியே நடமாட வேண்டுமென்றால் அதன் மேல் ஏதாவது எழுதியிருக்க வேண்டும் என்பது சர்க்காரின் கொள்கை. எழுதியதை யாராவது படிக்க வேண்டும் என்று சர்க்கார் எங்கும் சொல்லவில்லை. அந்தக் கொள்கையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அவளுக்குக் கணவன் என்று ஒருவன் இருந்தான். எண் பலகை மாட்ட ஒரு லாரியில் வந்தான், மூன்று வருடம் கழித்து இன்னொரு லாரியில் போனான். "முகம் மறந்து போச்சு. ரெண்டு லாரி நம்பரும் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லை. பத்து வயது இளைய தம்பி ஒருவன். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு ஆளாக்கியவள் அவள்தான். ஆகவே பிள்ளை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டதே இல்லை.

தம்பி ஒரு வாயாடி. சிறிய மோட்டார் படகு ஒன்று வைத்திருந்தான். தனியாகவே போவான், வடக்குத் திட்டில் தூண்டில் கயிறு இறக்குவான், இரண்டு இரவு தங்கி மூன்றாம் நாள் திரும்புவான். துணைக்கு ஆள் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். "ரெண்டு பேர் போனா பேச்சு ஜாஸ்தியாகும், மீன் கம்மியாகும்" என்பான். பேசாமல் இருக்க முடியாதவன் தனியாகப் போய் என்ன செய்வான்? தூரத்தில் கப்பல் தெரிந்தால் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றி ஆட்டுவான். பதிலுக்குக் கப்பல் ஒருமுறை ஊதினால் அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பான். போனை மட்டும் கடலுக்கு எடுத்துப் போக மாட்டான், உப்பு ஏறிவிடுமாம். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அந்தப் போனின் எண்தான். படகின் எண்ணைக்கூடச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்வான்.

அந்தப் படகின் எண் இருநூற்று எண்பத்தாறு.

படகு எண்ணுக்குச் சட்டம் உண்டு. மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்து. ஒரு சாண் உயரம். மூக்குப் பகுதியில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வளைவு நெளிவு, நிழல், பூ எதுவும் கூடாது. துறைமுக ஆபீஸ் மூன்று பேருக்குத்தான் எழுத அனுமதி அட்டை கொடுத்திருந்தது. அந்த மூவரில் பெண் இவள் ஒருத்தி. எண்ணில் பிழை இருந்தால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் அவள் கையால் எழுதுவதில்லை, தகரத்தில் வெட்டிய ஸ்டென்சில் தகடுகளை வைத்து ஒற்றி எடுப்பாள். பத்து எண்களுக்கு ஒன்பது தகடுகள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடு. ஆறுக்கு எது தலைப்பக்கம் என்று தெரிவதற்காக ஒரு மூலையைச் சின்னதாக வெட்டிவிட்டிருந்தாள். வெட்டு மேலே இருந்தால் ஆறு, கீழே இருந்தால் ஒன்பது. இருபது வருடமாக விரல் அந்த வெட்டைத் தேடித் தானாகவே மேலே திருப்பிக்கொள்ளும்.

அந்த வருடம் அடிப்பாகத்துக்குத் தார் பூசுவதற்காகத் தம்பி படகை மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தான். மறுநாள் காலை ஆபீசர் பார்வையிட வருகிறார். நிமிர்த்தி வைத்து எழுத நேரமில்லை. கவிழ்ந்து கிடக்கிற படகிலேயே எழுதிவிடு என்றான்.

"தலைகீழா எழுதணுமாடா?"

"நீ வேணா தலைகீழா நின்னுக்கோ. நான் காலைப் பிடிச்சுக்கறேன்."

கவிழ்ந்த படகில் எழுதுவது கடினம் இல்லை, நிதானம் வேண்டும் அவ்வளவுதான். எல்லாத் தகட்டையும் தலை மணலைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும், வலமிருந்து இடமாகப் போக வேண்டும். வலப்பக்கத்தைக் காலையிலேயே சரியாக முடித்துவிட்டாள். மதியம் இடப்பக்கம். இரண்டைத் தலைகீழாக வைத்து ஒற்றினாள். எட்டை எடுத்தாள். எட்டுக்கு மேல் வட்டம் சின்னது, கீழ் வட்டம் பெரியது. தலைகீழாகப் போனாலும் எவனுக்கும் தெரியாது. மற்ற இரண்டு எழுத்துக்காரர்களும் எட்டை எப்படி வேண்டுமானாலும் வைப்பார்கள். அவள் அப்படி இல்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்து, சின்ன வட்டம் மணல் பக்கம் வருமாறு வைத்தாள். பிறகு ஆறைக் கையில் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி, தார்ச் சட்டியைக் கிளறிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னான். "வீட்ல மூணு மாசம்னு சொல்றாங்க. நீ அத்தையாகப் போறே."

"என்னடா சொன்னே?"

"காது அடைச்சுப் போச்சா? அத்தை. நீ. உனக்கு ஒரு ஆள் வருது, கடைக்குள்ள பெயின்ட் டப்பாவை உருட்டறதுக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெயின்ட் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள். அவனைத் திட்டினாள். இதைச் சொல்கிற இடமா இது, சொல்கிற முறையா இது, உன் பெண்டாட்டி ஏன் வந்து சொல்லவில்லை என்று வரிசையாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே தகட்டை வைத்தாள், ஒற்றினாள், எடுத்தாள். விரல் வழக்கம்போல வெட்டைத் தேடி மேலே திருப்பியிருந்தது. எட்டடி தள்ளி நின்று பார்த்தபோது ஆறு ஆறாகவே தெரிந்தது. கண்ணுக்குத் திருப்தியாகிவிட்டது. கவிழ்ந்த படகில் ஆறு ஆறாகத் தெரியக் கூடாது என்பதை அந்தச் சந்தோஷத்தில் அவள் யோசிக்கவே இல்லை.

மறுநாள் ஆபீசர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாலைப் பக்கமாக இருந்த வலப்பக்கத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார். மணலில் இறங்கினால் ஷூவுக்குள் மண் போகும். மற்றவர்களில் யார் படகு எண்ணைப் படிக்கிறார்கள்? படகை நிறத்தால் தெரியும், மோட்டார் சத்தத்தால் தெரியும். எண் என்பது ஆபீஸுக்காக எழுதி வைத்தது.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் தம்பி வழக்கம்போலக் கடலுக்குப் போனான்.

அவன் போன இரண்டாம் நாள் மதியம், தம்பி மனைவி நம்பரக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அவளும் நம்பரக்காவை அக்கா என்றே கூப்பிடுவாள். தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுவே ஒட்டிக்கொண்டது. ஆறு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நம்பரக்கா ஒரு டேங்கருக்கு முக்கோணம் அடித்துக்கொண்டிருந்தாள். அப்போது சுருட்டு மாமா வந்தார். வாயில் எப்போதும் சுருட்டு, அதில் எப்போதாவதுதான் நெருப்பு. அவருக்கும் ஒரு படகு உண்டு. இருநூற்று எண்பத்தொன்பது.

"கேட்டியா கதையை? ஆபீஸ்லேருந்து எனக்குப் போன் பண்றான். உன் படகு எங்கய்யா இருக்குங்கறான். என் கண்ணு முன்னாடி இருக்குன்னேன். இல்லியாம். ஏதோ சரக்குக் கப்பல்காரன் ரேடியோவுல சொன்னானாம். தெற்கே கப்பல் பாதைக்கிட்ட என் படகு ஆடிக்கிட்டு நிக்குதாம். அலை ஜாஸ்தியா இருந்துச்சாம், பக்கத்துல போக முடியலியாம். அதுல ஒரு ஆள் நின்னு சட்டையை ஆட்டினானாம்!"

"யாரு மாமா அது?" என்றாள் நம்பரக்கா.

"யாரு? என் ஆவிதான்! நான் இங்க சுருட்டுப் பிடிக்கறேன், அது அங்க மீன் பிடிக்குது. ஆபீசர்கிட்டச் சொல்லிட்டேன். அய்யா, என் படகு மேல ரெண்டு நாளா பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டிருக்கா. நம்பிக்கை இல்லேன்னா வந்து துணியை எண்ணிப் பாருங்கன்னேன். கப்பல்காரன் தப்பாப் படிச்சிருப்பான்னு எழுதி மூடிட்டாங்க."

நம்பரக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பி மனைவியும் சிரித்தாள். அவள்தான் முதலில் சிரித்தவள். ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி, பாத்திரத்தைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள். மாசமாக இருக்கிறவளுக்கு மறதி வரும் என்று நம்பரக்கா நினைத்துக்கொண்டு மிச்ச முக்கோணத்தையும் அடித்து முடித்தாள்.

மூன்றாம் நாள் தம்பி வரவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் கரையில் கூட்டம் கூடியது. ஐந்தாம் நாள் விடிந்ததும் எட்டுப் படகுகள் வடக்கே தேடிக்கொண்டு போயின. அவன் போகிற இடம் வடக்குத் திட்டு, எல்லோருக்கும் தெரியும். தம்பி மனைவி மட்டும் கரையில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "தெற்கே பாருங்க, தெற்கே பாருங்க" என்று அழுதாள். ஏன் என்று கேட்டால், "மனசு சொல்லுது" என்றாள். மோட்டார் நின்று போனால் நீரோட்டம் தெற்கேதான் இழுக்கும், அதுவும் உண்மைதான் என்று யாரோ சொன்னார்கள். பாவம் பார்த்து ஒரே ஒரு படகு அரை நாள் தெற்கே போய்விட்டு வந்தது. அவள் மறுபடியும் தொடங்கினாள். நம்பரக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவன் தெற்கே போறவன் இல்லேம்மா. தேடறவங்களைக் குழப்பாதே. வாயை மூடிட்டுச் சும்மா இரு" என்று கத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தெற்கு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

பத்து நாள் தேடினார்கள். பிறகு ஒவ்வொரு படகாக மீன் பிடிக்கப் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. நம்பரக்காவின் பின்னறைக்கே வந்துவிட்ட தம்பி மனைவி, அவன் போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்தாள். எங்கேயாவது கரை ஒதுங்கியிருந்தால், அவனுக்குத் தெரிந்த ஒரே எண்ணுக்குத்தானே கூப்பிடுவான்? குளிக்கும்போதுகூட அதை நம்பரக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். நம்பரக்கா பெயின்ட் கையைத் துடைத்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நாற்பத்தோராம் நாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. ஆபீசர் கூப்பிடுகிறாராம்.

மேசை மேல் ஒரு போட்டோ இருந்தது. தொலைவில் வேறொரு கரையில் ஒதுங்கிய படகு. ஆள் யாரும் இல்லை. வலப்பக்கம் பாறையில் உரசி மரமே பிய்ந்து போயிருந்தது. இடப்பக்கம் பாசி பிடித்திருந்தாலும் எண் தெரிந்தது.

"இருநூற்று எண்பத்தொன்பது" என்றார் ஆபீசர். "அது சுருட்டுக்காரர் படகு, இங்கேயே இருக்கு. அப்ப இது எவனோ போலி நம்பர் போட்டு ஓட்டினது. எழுதினது யாருன்னு தெரியணும். மத்த ரெண்டு பேரும் எங்க எழுத்து இல்லேன்னுட்டாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்க எழுத்து இல்லேன்னா வெளியூர்ப் படகுன்னு எழுதி அனுப்பிடறேன்."

அவள் முதலில் பார்த்தது எட்டை. மேலே சின்ன வட்டம், கீழே பெரிய வட்டம். இரண்டு முறை திருப்பிப் பார்த்து வைத்த எட்டு. பிறகுதான் கண் ஒன்பதுக்குப் போனது. அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கவிழ்ந்து கிடந்த படகு, தார்ச் சட்டி, அத்தை என்ற சொல், விரல் தேடிய வெட்டு. தெற்கே சட்டையை ஆட்டிக்கொண்டு நின்றது யாருடைய ஆவியும் இல்லை. அவன் உயிரோடு நின்று ஆட்டியிருக்கிறான், கப்பல்காரன் பார்த்திருக்கிறான், எண்ணைப் படித்திருக்கிறான், சரியாகவே படித்திருக்கிறான். இவள் முக்கோணம் அடித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது வெளியூர்ப் படகாகிவிடும், அட்டை பிழைக்கும். அதைவிட, வீட்டில் ஒருத்தி மடியில் போனை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாளானாலும் காத்திருக்கலாம். ஆம் என்று சொன்னால் தம்பி செத்தவன் ஆகிவிடுவான். அக்காவின் கையால் செத்தவன் ஆகிவிடுவான்.

"கண்ணாடி கொண்டுவரல. நாளைக்கு வந்து பாத்துச் சொல்றேன்" என்றாள்.

கண்ணாடி அவள் தலையில், முடிக்கு மேல் ஏற்றிவிட்டபடி இருந்தது. ஆபீசர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சரி நாளைக்கு வாங்க என்றார். மணலில் இறங்காத மனிதருக்கும் ஏதோ கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தாள். தம்பி மனைவி பின்னறையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. நம்பரக்கா அவள் காலடியில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்லவே முடியாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"படகு கிடைச்சிருக்கு. ஆள் இல்ல. இடப்பக்கம் நான் நம்பரைத் தப்பா வச்சுட்டேன். ஆறுக்குப் பதிலா ஒன்பது. அந்தக் கப்பல்காரன் பாத்தது நம்ம புள்ளையைத்தான். என் கைதான் அவனைக் கொன்னுடுச்சு. நீ என்னை என்ன செய்யணுமோ செய்."

தம்பி மனைவி அழவில்லை. கையை நீட்டிப் போனிலிருந்து சார்ஜர் வயரை மெல்லப் பிடுங்கினாள். அதைச் சுற்றிச் சுற்றிச் சின்ன வளையமாக்கினாள். பிறகு சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"ஒன்பதுன்னு தெரியும். படகை நிமித்தி வச்ச அன்னைக்கே அவர் பாத்துட்டார். வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. இந்தப் பக்கம் போனா ஒரு படகு, அந்தப் பக்கம் போனா இன்னொரு படகு, எனக்கு ரெண்டு படகுன்னார். அக்காகிட்டச் சொல்லுங்கன்னேன். சொன்னா அது சாப்பிடாது, அட்டை போயிடும்னு பயந்து சாகும், அடுத்த தடவை கவுத்துப் போடும்போது நானே அழிச்சுத் திருத்திக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னார்."

நம்பரக்கா கேட்டாள். "அப்ப மாமா வந்து சொன்ன அன்னைக்கு?"

"அன்னைக்கு..." அவள் வயர் வளையத்தை அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "சட்டையை ஆட்டினான்னு சொன்னார் பாருங்க, அப்பவே நெஞ்சுல அடிச்சுது. ஆனா அவர் எந்தக் கப்பலைப் பாத்தாலும் ஆட்டறவர்தானே அக்கா. விளையாடியிருப்பார்னு நினைச்சேன். நாளைக்கு வந்துடப் போறார், இன்னைக்கு நான் ஆபீஸுக்குப் போய் அது ஒன்பது இல்ல ஆறுன்னு சொன்னா உங்க அட்டையைப் பிடுங்கிடுவாங்க. வந்ததும் நாமளே திருத்திக்கலாம்னு இருந்துட்டேன். ஒரு நாள்தானே அக்கா. ஒரே ஒரு நாள்தானேன்னு இருந்துட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்? தெரிஞ்சும் சும்மா இருந்தியாடின்னு கேப்பீங்களே. அதான் தெற்கே தெற்கேன்னு கத்தினேன். நீங்க வாயை மூடுன்னீங்க. மூடிக்கிட்டேன்."

இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நம்பரக்காவின் கை ஓங்கியது. பழியெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு, அதைப் பங்கு போட ஒருத்தி இருக்கிறாள் என்றதும் ஆத்திரம்தான் முதலில் வந்தது. சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான், இந்நேரம் இந்தச் சுவரில் சாய்ந்து வாயடித்துக்கொண்டிருப்பான். ஓங்கிய கையைத் தம்பி மனைவி பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அடி விழுந்தால் நல்லது என்று அவள் காத்திருந்தது போலிருந்தது. அவள் வயிறு ஒருமுறை புடைத்து அசைந்தது. உள்ளே இருந்தது புரண்டு படுத்திருக்கும்.

ஓங்கிய கை அந்த வயிற்றின் மேல் வந்து இறங்கியது. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள். டயர் கடைக்காரன் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

மறுநாள் இரண்டு பேருமாக ஆபீஸுக்குப் போனார்கள். நம்பரக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைப் பார்க்கிற பாவனைகூடச் செய்யவில்லை.

"அது என் எழுத்துதான் சார். அது ஒன்பது இல்ல. ஆறு. நான் தலைகீழா வச்சுட்டேன்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். ஒரு கட்டத்தில் இருநூற்று எண்பத்தாறு என்றும், அதற்கு எதிரே தம்பியின் பெயரையும், அதற்கு எதிரே 'இல்லை' என்பதற்கு ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு சொல்லையும் எழுதினார். அட்டையை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார். "கப்பல்காரன் சொன்னப்ப நாங்களும் இன்னும் கொஞ்சம் விசாரிச்சிருக்கலாம்" என்றார், அவர்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து. அவர் அப்படிச் சொன்னது பெரிய விஷயம் என்று வெளியே பியூன் சொன்னான். யாருக்குப் பெரிய விஷயம் என்று தெரியவில்லை.

சுருட்டு மாமாவுக்கு விஷயம் தெரிந்த அன்று அவர் கடைப்பக்கம் வந்து வெளியிலேயே வெகுநேரம் நின்றார். சுருட்டு இல்லாமல் அவர் வாயை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே வாங்க மாமா என்று நம்பரக்கா கூப்பிட்டும் வரவில்லை. பிறகு தன் படகை விற்றுவிட்டார்.

குழந்தை பிறந்தது. அட்டையும் திரும்பி வந்தது. முதல் படகுக்கு எழுதப் போன அன்று ஆறு என்ற தகட்டைக் கையில் எடுத்த நம்பரக்காவால் அதை வைக்க முடியவில்லை. எண்ணை அவளால் மறக்க முடிந்தால் அல்லவா? தம்பி மனைவி குழந்தையை நிழலில் படுக்க வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "வெட்டு மேலே அக்கா" என்றாள். அப்படி வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு பேருமாகவே போகிறார்கள். படகு கவிழ்ந்து கிடந்தால் எழுத மாட்டார்கள், எத்தனை அவசரமானாலும் நிமிர்த்தி வைத்தபின்தான். நம்பரக்கா வலப்பக்கம் எழுதும்போது தம்பி மனைவி நின்று படிப்பாள், இடப்பக்கம் எழுதும்போதும் நின்று படிப்பாள். எல்லாம் முடிந்த பிறகும் படகுக்காரன் படிக்க வேண்டும். அந்த வீட்டில் மனசுக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் ஒழிந்தது. உப்பு கூடியிருந்தால்கூட உடனே சொல்லிவிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு புதுப் படகுக்காரன் வந்தான். இளவட்டம், அவசரக்காரன். எண்ணில் ஒரு ஆறு இருந்தது. வலப்பக்கம் படிக்கச் சொன்னாள், படித்தான். இடப்பக்கம் படிக்கச் சொன்னாள், படித்தான். ஆறு வந்த இடத்தில் தம்பி மனைவி அவனை நிறுத்தி, இன்னொரு தடவை பார்த்துச் சொல்லு என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா இது, ஆறு எதுன்னுகூடவா ஒருத்தனுக்குத் தெரியாது?"

நம்பரக்கா ஸ்டென்சில் தகடுகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"தெரியும்பா. எங்க வீட்லயும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. பாத்துச் சொல்லு."